தையல்நாயகி பதவி இறங்கிய வாரம்

தையல்நாயகி ஏரியம்பேடு ஊராட்சிக்கு ஐந்து வருஷம் தலைவராக இருந்தாள். அந்த ஐந்து வருஷத்தில் யாராவது வாசலில் நின்று "தலைவரே" என்று குரல் கொடுத்தால், சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே வந்தது அவள் புருஷன் சிட்டிபாபுதான். அவளைத் தலைவரம்மா என்பார்கள். வாத்தியார் பெண்டாட்டியை வாத்தியாரம்மா என்கிறார்களே, அதுபோலத்தான் இதுவும் என்று அவளே நினைத்துக்கொண்டிருந்தாள்.

தாம்பரத்திலிருந்து வேளச்சேரி போகிற சாலையில் மேடவாக்கத்துக்கு முன்னால் உள்ளே தள்ளி இருக்கும் ஊர் அது. 2001-இல் அங்கே தலைவர் பதவி பெண்களுக்கென்று ஒதுக்கப்பட்டிருந்தது. சிட்டிபாபு ஊரின் பழைய குடித்தனக்காரன். அப்பா காலத்தில் ஏரித் தண்ணீரில் நெல் விளைந்த நிலத்தை அவன் மனை மனையாகப் பிரித்து விற்றுவிட்டு, புரோக்கர் தொழிலும் இரண்டு தண்ணி லாரியுமாக இருந்தான். "நீ பேருக்கு நில்லு. மீதிய நான் பாத்துக்கறேன்" என்றான். நின்றாள், ஜெயித்தாள், பாத்திரம் தேய்க்கப் போய்விட்டாள்.

ஊராட்சி கிளார்க் தோத்தாத்ரி தீர்மான நோட்டை வீட்டுக்கே எடுத்துவருவார். அவள் ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு, அவர் விரல் வைத்த இடத்தில் கையெழுத்துப் போடுவாள். எட்டாவது வரை படித்தவள், எழுத்து முத்து முத்தாக இருக்கும். அவள் தானாகக் கவனித்த ஒரே காரியம் தண்ணீர். மேட்டுத் தெருவுக்குத் தண்ணீர் ஏறாவிட்டால் பெண்கள் குடத்தோடு அவளிடம்தான் வருவார்கள், சிட்டிபாபுவிடம் போகமாட்டார்கள். எந்த வால்வை எத்தனை சுற்று மூடினால் மேட்டுக்கு ஏறும் என்பது மோட்டார் ஆப்பரேட்டரைவிட அவளுக்குத்தான் துல்லியமாகத் தெரியும்.

2006 அக்டோபரில் மறுபடி தேர்தல் வந்தபோது அந்த இடம் பொது இடமாகிவிட்டது. "இனிமே உனக்கு ரெஸ்ட்டு" என்று சொல்லிச் சிட்டிபாபு தானே நின்றான். ஆட்டோ சின்னம். அதைக் கேட்டுத் தனக்குச் சந்தோஷம் வந்ததா, வேறு ஏதாவது வந்ததா என்று தையல்நாயகிக்குப் புரியவில்லை. அன்றைக்குச் சாம்பாருக்கு இரண்டு தரம் உப்புப் போட்டாள், அதுதான் தெரியும்.

எதிரே கத்தரிக்கோல் சின்னத்தில் நின்றவர் ஜீவானந்தம். விமானப்படையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். சிட்டிபாபு விற்ற மனையில்தான் வீடு கட்டிக் குடிவந்திருந்தார். அவருக்கு லக்ஷ்மி நகர், பாலாஜி நகர் என்று புதிதாக வந்த நகர்களின் ஓட்டு. சிட்டிபாபுவுக்கு ஊர்த் தெருக்களின் ஓட்டு. பதினெட்டாம் தேதி சாயங்காலம் ஒன்றிய அலுவலகத்தில் எண்ணி முடித்தபோது ஜீவானந்தம் ஒன்பது ஓட்டில் ஜெயித்திருந்தார். சிட்டிபாபு மறுபடி எண்ணச் சொன்னான். எண்ணினார்கள். அதே ஒன்பதுதான்.

வீட்டுக்கு வந்தவன் உள்ளறையில் போய்ச் சுவரைப் பார்த்துப் படுத்தான்.

மறுநாள் காலை பத்து மணி இருக்கும். மீன்கார அங்காளம்மா வழக்கம்போலக் கேட்டுக்கு வெளியே உட்கார்ந்து, அருவாமணையைக் காலில் அழுத்திக்கொண்டு சங்கரா மீனை ஆய்ந்துகொண்டிருந்தாள். பனையூர்க் குப்பத்திலிருந்து பஸ் மாறி பஸ் மாறிப் பன்னிரண்டு வருஷமாக வருகிறவள். மீன் வாங்கப் பாத்திரம் எடுக்கத் தையல்நாயகி உள்ளே போனாள். அப்போது தெருக்கோடியில் மேளச் சத்தம் கேட்டது. ஜீவானந்தம் ஓட்டுப் போட்டவர்களுக்கு நன்றி சொல்லிக்கொண்டு ஒரு திறந்த வேனில் வந்துகொண்டிருந்தார். சிட்டிபாபுவின் தம்பி தினகரன் பத்துப் பதினைந்து பேரோடு காலையிலிருந்தே தெருவில் நின்றிருந்தான். காம்பவுண்டுச் சுவரை உயர்த்துவதற்காகக் கொட்டிய ஜல்லி பதினைந்து நாளாகக் கேட்டுக்குப் பக்கத்திலேயே குவிந்து கிடந்தது.

அவள் பாத்திரத்தோடு கேட்டுக்கு வந்தபோது மேளம் நின்றுபோயிருந்தது. "வெளியூரான் நம்ம ஊருக்குத் தலைவரா?" என்று ஒரு குரல் கேட்டது. பதிலுக்கு வேனிலிருந்து யாரோ என்னவோ கத்தினார்கள். கண்ணாடி நொறுங்கும் சத்தம். "அண்ணி, கேட்ட சாத்துங்க! சாத்துங்க!" என்று தினகரன் அலறினான்.

அவள் சாத்தினாள். தாழ்ப்பாளும் போட்டாள். முதுகைக் கேட்டில் வைத்து நின்றாள். இரும்புத் தகட்டில் கல் விழுந்து முதுகில் அதிர்ந்தது. ஒரு பெண் குரல் வீரிட்டது. கை தாழ்ப்பாளைத் திறக்க எவ்வளவு நேரம் எடுத்துக்கொண்டது என்று அவளுக்குத் தெரியாது. திறந்தபோது அங்காளம்மாவை ஜீவானந்தம் இரண்டு கையாலும் தூக்கி ஒரு ஆட்டோவில் ஏற்றிக்கொண்டிருந்தார். அவருடைய வெள்ளைச் சட்டையெல்லாம் ரத்தம். மீன் தெருவில் இறைந்து கிடந்தது. தையல்நாயகி கையில் பாத்திரம் அப்படியே இருந்தது.

மத்தியானத்துக்குள் ஊரில் இரண்டு கதைகள் உலாவின. வேனிலிருந்துதான் முதல் கல் வந்தது என்றது ஒரு கதை. தினகரன் ஆட்கள்தான் எடுத்த எடுப்பில் எறிந்தார்கள் என்றது இன்னொன்று. ஜீவானந்தத்தின் மண்டை உடைந்துவிட்டது என்றும் சொன்னார்கள். அவர் சட்டையில் இருந்தது அங்காளம்மாவின் ரத்தம். போலீஸ் வந்து தினகரன் ஆட்களில் இரண்டு பேரையும் வேனில் வந்தவர்களில் ஒருவனையும் கூட்டிப்போனது. குரோம்பேட்டை ஆஸ்பத்திரியில் அங்காளம்மாவுக்குக் காதுக்கு மேலே ஏழு தையல் போட்டார்கள்.

தையல்நாயகி உள்ளறைக்குப் போய்ப் புருஷன் தலைமாட்டில் நின்றாள்.

"இன்னாங்க, தினாவுக்கு நீங்க சொன்னீங்களா?"

சிட்டிபாபு திரும்பவில்லை. "என் பேச்ச கேக்கறவன் ஒர்த்தன் இருந்தா ஒம்போது ஓட்டுல ஏன் தோக்கறேன்?"

இது ஆமாம் என்பதா, இல்லை என்பதா? கேள்வியை இன்னொரு தரம் கேட்க அவளுக்குத் தைரியம் வரவில்லை.

சனிக்கிழமை தீபாவளி. தெருவில் ஒரு வெடி வெடித்தால் அவள் தோள் தூக்கிப்போட்டது. அதிரசத் தட்டைத் தொடக்கூட ஆளில்லாத அந்த வீட்டுக்குச் சாயங்காலம் தினகரன் வந்தான்.

"அண்ணி, புதன்கிழமை அவன் பதவி ஏத்துக்கறானாம். ஆபீஸ் சாவி, சீலு, தீர்மான நோட்டு எல்லாம் உங்ககிட்ட தான கீது? குடுத்துடாதீங்க. கோர்ட்ல கேஸ் போடப்போறோம். அதுவரைக்கும் நீங்கதான் தலைவரு."

"நானா?"

"பின்ன? கவர்மெண்டு ரிக்கார்டுல யாரு பேரு கீது? உங்க பேரு தான்."

ஐந்து வருஷத்தில் இந்த வீட்டில் யாரும் அப்படிச் சொன்னதில்லை. கேட்டவுடன் மனசுக்குள் ஏதோ நிமிர்ந்தது. உடனே அது அவளுக்குக் கூச்சமாகவும் இருந்தது.

"அங்காளக்கா மேல கல்லு போட்டது யாரு தினா?"

"அவனுங்க தான் அண்ணி. நான் என் கண்ணால பாத்தேன்." தினகரன் அவள் முகத்தைப் பார்த்துத்தான் சொன்னான். அவளால் நம்பவும் முடியவில்லை, நம்பாமல் இருக்கவும் முடியவில்லை. கல்யாணமாகி அவள் இந்த வீட்டுக்கு வந்தபோது அவனுக்கு ஒன்பது வயசு. தலைக்கு எண்ணெய் வைத்துவிட்டவள் அவள்தான்.

திங்கட்கிழமை காலையில் தோத்தாத்ரி வந்தார். ஒப்படைக்க வேண்டியவற்றுக்குப் பட்டியல் தயாரித்திருந்தார். அவள் கேட்டாள்: "நான் சாவி குடுக்கலன்னா இன்னா ஆவும் சார்?"

"ஒண்ணும் ஆகாதும்மா. புதன்கிழமை அவர் உறுதிமொழி எடுத்துட்டா அவர்தான் தலைவர். நீங்க கொடுக்கலைன்னா ஒன்றிய ஆபீஸ்லேருந்து ஆள் வந்து பூட்டை உடைப்பாங்க. போலீஸ் வரும்."

"குடுத்தா?"

"கொடுத்தீங்கன்னு ஒரு கையெழுத்து."

"அப்போ நான் குடுத்தாலும் ஒன்னுதான், குடுக்காட்டியும் ஒன்னுதான். அப்புறம் எதுக்கு என்னக் குடுக்கச் சொல்றாங்க?"

தோத்தாத்ரி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். முப்பது வருஷமாக ஊராட்சி வேலை பார்க்கிறவர். "எனக்குச் சொல்லத் தெரியலைம்மா. இதுவரைக்கும் நான் பார்த்த தலைவருங்க எல்லாம் கொடுத்துட்டுத்தான் போனாங்க. திட்டிண்டேதான் கொடுத்தாங்க. ஆனா கொடுத்தாங்க."

அன்றைக்கு மத்தியானம் அவள் யாரிடமும் சொல்லாமல் பஸ் ஏறினாள். அங்காளம்மா மீன் சுமந்து வரும் அலுமினிய அன்னக்கூடை தெருவிலேயே கிடந்ததை அவள்தான் எடுத்துக் கழுவி வைத்திருந்தாள். அதை மடியில் வைத்துக்கொண்டு சோழிங்கநல்லூரில் மாறிப் பனையூரில் இறங்கினாள். மழை தூறிக்கொண்டிருந்தது. குப்பத்தில் அங்காளம்மாவின் வீட்டை இரண்டு பேரிடம் கேட்டுக் கண்டுபிடித்தாள். பன்னிரண்டு வருஷம் மீன் வாங்கியவள் அந்த வீட்டுக்கு வருவது அதுதான் முதல் தடவை.

அங்காளம்மா தலையில் கட்டோடு பாயில் உட்கார்ந்திருந்தாள். ஒரு கண் வீங்கி மூடியிருந்தது.

"வா. நீ இன்னா எட்த்துகினு வந்த? நேத்து உன் கொழுந்தன் வந்தான், ஹார்லிக்ஸ் பாட்டிலு. அவனுக்கு முன்ன மிலிட்டிரிக்காரு ஆளுங்க, ஆப்பிள் பழம். ரெண்டு பார்ட்டியும் அதே பேச்சு. 'அவன் தான் அட்ச்சான்னு ஸ்டேஷன்ல சொல்லு'ன்றானுங்க. நான் மீனப் பாத்துகினு இருந்தேன். எவன் அட்ச்சான்னு எனக்கு இன்னா தெரியும்? ஒரே பேஜாரு."

தையல்நாயகி அன்னக்கூடையைக் கீழே வைத்தாள். "வலிக்குதாக்கா?"

"வலிக்காம?" அங்காளம்மா கூடையை இழுத்துத் திருப்பிப் பார்த்தாள். நசுங்கலைக் கட்டைவிரலால் தடவினாள். அப்புறம், "நீ ஏன் கேட்ட சாத்தன?" என்று கேட்டாள்.

"தினா கத்துனான்..."

"கத்துனான். நானும் தான் கத்துனேன். 'எம்மா, தொற'ன்னு கத்துனேன். நீ சாத்தனப்புறம் தான் எனக்கு அடி உழுந்துச்சு."

"இல்லக்கா. அடி உழுந்த சத்தம் கேட்டுதான்..." என்று ஆரம்பித்துத் தையல்நாயகி நிறுத்திக்கொண்டாள். அவளுக்கு நிஜமாகவே ஞாபகம் இல்லை. நாலு நாளாக எத்தனையோ தரம் நினைத்துப் பார்த்திருந்தாள். ஒரு தரம் சாத்தியது முன்னால் வந்தது. ஒரு தரம் அலறல் முன்னால் வந்தது.

"நீ தான ஊருக்கு தலைவரு?" என்றாள் அங்காளம்மா. குரலில் கோபம்கூட இல்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டதுபோல இருந்தது. "கார்டு போடறதுக்கு, லைட்டு போடறதுக்குன்னு எல்லாம் உன் கையெழுத்து தான கேக்கறாங்க? உள்ள நின்னுகினு இன்னா பண்ணிகினு இருந்த?"

"தெரிலக்கா" என்றாள் தையல்நாயகி. அங்காளம்மாவின் மருமகள் டீ கொண்டுவந்தாள். தையல்நாயகி குடித்துவிட்டு எழுந்தாள். "பாத்துப் போ, பஸ்ஸு ஆறு மணிக்கு மேல கூட்டமா இருக்கும்" என்றாள் அங்காளம்மா.

புதன்கிழமை காலை எட்டு மணிக்கே ஊராட்சி அலுவலகத்துக்கு முன்னால் தினகரன் முப்பது பேரோடு உட்கார்ந்துவிட்டான் என்று பக்கத்து வீட்டில் சொன்னார்கள். தையல்நாயகி குளித்து, பச்சைக்கரைப் புடவை கட்டிக்கொண்டாள். பீரோவிலிருந்து சாவிக்கொத்தையும் சீல் டப்பாவையும் தீர்மான நோட்டையும் எடுத்து ஒரு பையில் போட்டாள். உள்ளறையில் எட்டிப் பார்த்தாள்.

"நான் போவட்டுமா?"

சிட்டிபாபு மல்லாந்து படுத்திருந்தான். மின்விசிறியைப் பார்த்துக்கொண்டே சொன்னான்: "சாவி உன் கைல தான கீது."

அதை எப்படி எடுத்துக்கொள்வது என்று அவளுக்கு அன்றைக்கும் தெரியவில்லை, அப்புறமும் தெரியவில்லை. போ என்றானா, போய்த்தான் பாரேன் என்றானா, உன் இஷ்டம் என்று கைகழுவினானா? செருப்பை மாட்டிக்கொண்டு நடந்தாள்.

அலுவலகத்துக்கு ஒரு பக்கம் தினகரன் ஆட்கள், எதிர்ப் பக்கம் நகர்க்காரர்கள், நடுவில் இரண்டு போலீஸ்காரர்கள். ஜீவானந்தம் வேப்பமரத்தடியில் இஸ்திரி போட்ட சட்டையோடு நின்றிருந்தார். தினகரன் ஆட்கள் பக்கம் அடிக்கடி திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். அவரும் பயப்படுவார் என்று அவள் நினைத்ததில்லை.

தினகரன் படிக்கட்டில் குறுக்கே எழுந்து நின்றான். "அண்ணி, திரும்பி வூட்டுக்குப் போங்க."

"வழி வுடு தினா."

"இன்னாத்துக்கு அண்ணி இதெல்லாம்? அண்ணனுக்குச் செய்யற துரோகம் இது. இன்னாத்துக்குக் குடுக்கறீங்க, அத்த மட்டும் சொல்லுங்க."

எல்லோரும் அவள் வாயைப் பார்த்தார்கள். வழியெல்லாம் அவளும் அதைத்தான் தேடிக்கொண்டு வந்திருந்தாள்.

"தெரில தினா" என்றாள். "அங்காளக்கா கேட்டதுக்கும் தெரிலன்னுதான் வந்தேன். நீ நவுரு."

அவன் முகம் சிவந்தது. கை உயர்ந்ததுபோல இருந்தது, தலையைச் சொறிந்துகொண்டது. அத்தனை பேர் பார்க்க அண்ணியைத் தொட்டுத் தள்ள அவனால் முடியவில்லையோ, போலீஸ்காரர் ஒருவர் ஓரடி முன்னால் வந்ததுதான் காரணமோ, ஒதுங்கினான்.

பூட்டில் சாவி நுழையவில்லை. திருப்பிப் போட்டுப் பார்த்தாள். குனிந்து பார்த்தால் துவாரம் முழுக்க குழாய்க் கசிவை அடைக்கிற எம்-சீல் பசையை அப்பி அடைத்திருந்தார்கள். அது காய்ந்து கல்லாகியிருந்தது. தினகரன் ஆட்களில் ஒருவன் களுக்கென்று சிரித்தான். தையல்நாயகி சாவியையும் பூட்டையும் மாறி மாறிப் பார்த்தாள். நாலு நாளாகப் பீரோவில் பூட்டி வைத்துக் காத்த சாவி. கடைசியில் போலீஸ்காரர் கீழே கிடந்த ஒரு கருங்கல்லை எடுத்து நாலு போடு போட்டு உடைத்தார்.

ஒன்றிய அலுவலகத்திலிருந்து வந்திருந்த அதிகாரி முன்னால் ஜீவானந்தம் உறுதிமொழி படித்தார். இரண்டு இடத்தில் தடுமாறினார். தோத்தாத்ரி பட்டியலை நீட்டி, வழக்கம்போலக் கையெழுத்துப் போட வேண்டிய இடத்தில் விரலை வைத்தார். தையல்நாயகி அந்த விரலைத் தாண்டி மேலிருந்து படித்தாள். சீல் ஒன்று. தீர்மான நோட்டு மூன்று. மேஜை இரண்டு. நாற்காலி பன்னிரண்டு. அறையைச் சுற்றிப் பார்த்து எண்ணினாள்.

"பதினொன்னு தான் கீது சார்."

"பரவாயில்லம்மா, போடுங்க" என்றார் தோத்தாத்ரி மெதுவாக.

"ஒன்னு எங்க வூட்ல கீது." கைப்பிடி வைத்த மர நாற்காலி. சிட்டிபாபு முன்கூடத்தில் போட்டு, வருகிறவர்களை எல்லாம் அதில் உட்கார்ந்துதான் பார்ப்பான். அது ஊராட்சியினுடையது என்பதே அவளுக்கு அந்த நிமிஷம்தான் உறைத்தது. "சாயங்காலம் அனுப்பிடறேன்."

"அவசரம் இல்ல மேடம்" என்றார் ஜீவானந்தம். அப்புறம் என்ன பேசுவது என்று தெரியாமல், "உங்களுக்குக் கஷ்டமான நாள். தேங்க்ஸ்" என்றார். அவள் எதற்கும் பயன்படாத அந்தச் சாவிக்கொத்தையும் மேஜைமேல் வைத்துவிட்டு வெளியே வந்தாள். வந்த வழியிலேயே ஒரு கடைப் பலகையில் உட்கார்ந்துகொண்டாள். நல்லது செய்த நிம்மதி என்று சொல்ல முடியாது. வீட்டில் என்ன நடக்குமோ என்ற பயமும் இருந்தது. அதையும் தாண்டி, தன்னிடம் இல்லவே இல்லாத ஒன்றை எப்படிக் கொடுத்துவிட்டு வந்தோம் என்ற குழப்பம்தான் மேலே நின்றது.

வீட்டில் ஒன்றும் நடக்கவில்லை. சிட்டிபாபு எழுந்து சாப்பிட்டான். நாற்காலி போவதைப் பார்த்தான். எட்டு நாள் பேசவில்லை. ஒன்பதாம் நாள் காபியில் சர்க்கரை கம்மி என்றான்.

அதற்கப்புறம் நடந்தவைதான் அவளை இன்னும் குழப்பின. ஜீவானந்தம் வாரத்துக்கு இரண்டு தரம் அவள் வாசலுக்கு வந்து, "மேடம், மேட்டுத் தெருவுக்கு எந்த வால்வு?" என்று கேட்டார். அவள் சொன்னாள். தேர்தல் வழக்குத் தள்ளுபடியாயிற்று. இரண்டு வருஷம் போவதற்குள் தினகரன் ஜீவானந்தத்தின் ஜீப்பில் முன்சீட்டில் உட்கார்ந்து போக ஆரம்பித்தான். ரோடு காண்டிராக்ட் விஷயமாக என்றார்கள். "அண்ணி, அதெல்லாம் அப்போ. அரசியல்ல அப்டிதான்" என்று சிரித்தான். அப்படியானால் அந்தக் கல்? அதை எந்தக் கணக்கில் சேர்ப்பது என்று அவளுக்கு விளங்கவே இல்லை.

கல்வீச்சு வழக்கு 2009-இல் செங்கல்பட்டுக் கோர்ட்டுக்கு வந்தபோது இரண்டு பெண்களையும் சாட்சிக்குக் கூப்பிட்டார்கள். யார் எறிந்தது என்று கேட்டார்கள். அங்காளம்மா தெரியாது என்றாள். தையல்நாயகியும் தெரியாது என்றாள். கேட்டைப் பற்றிக் கேட்பார்கள் என்று மூன்று வருஷமாக அவள் தயாராக இருந்தாள். ஒரு வக்கீலும் கேட்கவில்லை. எல்லோரையும் விடுதலை செய்துவிடுவார்கள் என்று வெளியே பேசிக்கொண்டார்கள், அப்படியே ஆயிற்று.

இரண்டு பேரும் பஸ் ஸ்டாண்டு வரை சேர்ந்தே நடந்தார்கள். அங்காளம்மா இப்போது ஏரியம்பேட்டுக்கு வருவதில்லை. கூடையைத் தூக்கினால் தலை சுற்றுகிறது என்று, சோழிங்கநல்லூர் மார்க்கெட்டில் ஒரே இடத்தில் உட்கார்ந்து விற்கிறாள். டீக்கடையில் நின்றபோது தையல்நாயகி, "அக்கா, அன்னிக்கி..." என்று ஆரம்பித்தாள்.

"அத்த வுடு" என்றாள் அங்காளம்மா. "அடுத்த தபா நீ நிக்கப்போறியாமே? உன் கொழுந்தன் சொல்லிகினு கீறான்னு மார்க்கெட்ல பேசிக்கறாங்க."

"எங்கிட்ட யாரும் கேக்கல."

"கேட்டா?"

தையல்நாயகி டீயை ஊதினாள். நிற்க ஆசையாக இருந்தது. நின்றால் மறுபடி யார் வாசலில் யார் மண்டை உடையுமோ என்று பயமாகவும் இருந்தது. "தெரிலக்கா" என்றாள்.

"எனக்கு உன் ஊர்ல ஓட்டு கூட இல்ல" என்று அங்காளம்மா சிரித்தாள். திருப்போரூர் வழியாகப் போகும் பஸ் வந்து நின்றது. கூட்டத்தில் முழங்கையால் இடித்து ஏறி ஒரு இடம் பிடித்து உட்கார்ந்தாள். தாம்பரம் பஸ் இன்னும் வரவில்லை. தையல்நாயகி வெயிலில் நின்றுகொண்டிருந்தாள்.